டி-ஷர்ட் பிரிண்டிங்கில் கேட்ட கலரைக் கலந்து எடுப்பது எப்படி: புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு

ஆகஸ்ட் நெருங்கினால் மும்பையின் டி-ஷர்ட் பிரிண்டிங் பட்டறைகளில் எல்லோரும் கேட்பது ஒரே கலர்தான், பகவா. தஹி ஹண்டி என்ற உறியடிக்குப் போகும் கோவிந்தா குழுக்களின் டி-ஷர்ட், கணபதி விழா நடத்தும் மண்டலக் குழுத் தொண்டர்களின் டி-ஷர்ட் என்று எங்கு பார்த்தாலும் காவி. ஆனால் ஒரு மண்டலத்தின் பகவாவில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். இன்னொன்று செங்கல் பக்கம் போகும். மூன்றாமவர் போன வருஷத்து பனியனை நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார். கடையில் கிடைக்கும் ஆரஞ்சு டப்பா இவற்றில் எதற்கும் அப்படியே பொருந்தாது. கலந்துதான் எடுக்க வேண்டும்.

தாராவி போன்ற இடங்களில் சின்னப் பட்டறையில் கையால் அச்சடிப்பவர்களையும், வீட்டிலேயே ஒரு டேபிள் போட்டு ஆரம்பிப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கலர் கலப்பதைக் கைராசி என்று சொல்லும் மாஸ்டர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தராசும், ஒரு நோட்டும், துணியில் அடித்துக் காய்ச்சி, அதாவது சூட்டில் பதிய வைத்துப் பார்க்கும் பொறுமையும் இருந்தால் புதியவராலும் முடியும்.

முதலில், எந்த இங்க்

பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது தண்ணீர் சார்ந்த பேஸ்ட். இதில் 'கிளியர்' என்றும் 'ஒயிட்' என்றும் இரண்டு வகை கிடைக்கும். கலர் தனியாக அடர்த்தியான பிக்மென்டாக வரும். அதைப் பேஸ்டில் சேர்த்துக் கலக்கி, கடைசியில் கலரைத் துணியில் பிடிக்க வைக்கும் ஃபிக்ஸர் சேர்ப்பார்கள். இன்னொன்று பிளாஸ்டிசால். பிவிசி பொடியை எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசரில் கலந்து செய்வது. சூடு படாமல் காயவே காயாது, இங்க் இறங்கும் வலைச் சட்டமான ஸ்கிரீனில் ராத்திரி முழுக்க விட்டாலும் அடைக்காது. ஏற்றுமதி ஆர்டர் செய்பவர்களிடம் அதிகம் பார்க்கலாம். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: இந்த இரண்டையும் ஒரே டப்பாவில் கலக்கவே கூடாது. கரண்டியைக்கூட தனித்தனியாக வையுங்கள். இனி நான் சொல்வது தண்ணீர் பேஸ்டுக்கு. பிளாஸ்டிசாலுக்கு எங்கே மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கிளியர், ஒயிட் வித்தியாசம் புரியாமல் கலரில் கை வைக்காதீர்கள். கிளியர் பேஸ்ட் டப்பாவில் பால் போல வெள்ளையாகத் தெரியும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒயிட் பேஸ்டில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. காய்ந்த பிறகும் வெள்ளைதான், கீழே இருக்கும் துணியை மறைக்கும். வெள்ளைத் துணியில் பளிச்சென்று கலர் வேண்டுமென்றால் கிளியர் போதும். கருப்பு, நேவி துணி என்றால் முதலில் ஒயிட் ஒரு கோட் அடித்து, லேசாகக் காய வைத்து, அதன் மேல் கலர் போக வேண்டும். 'கலரிலேயே ஒயிட்டை அள்ளிப் போட்டால் ஒரே கோட்டில் வேலை முடியுமே' என்று எல்லோருக்கும் தோன்றும். முடியும்தான். ஆனால் சிவப்பு ரோஸாகவும் பச்சை சுண்ணாம்பு பூசிய மாதிரியும் வெளிறிப் போகும்.

என்னென்ன பிக்மென்ட் வாங்குவது

மஸ்ஜித் பந்தர் பக்கம் டை, கெமிக்கல் விற்கும் கடைகளுக்குப் போனால் இருபது முப்பது கலர் காட்டுவார்கள். எல்லாம் தேவையில்லை. எலுமிச்சை மஞ்சள், கோல்டன் மஞ்சள், ஆரஞ்சு, மஞ்சள் சாயல் உள்ள சிவப்பு, நீலச் சாயல் உள்ள மெஜந்தா, வயலட், நீலம், பச்சை, கருப்பு. ஒன்பது போதும். முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். ஒரு கம்பெனியின் 'ரெட்' இன்னொரு கம்பெனியின் 'ரெட்' ஆகாது.

மஞ்சள் இரண்டு எதற்கு என்று கேட்பீர்கள். எலுமிச்சை மஞ்சளில் பச்சைச் சாயல் இருக்கிறது, அதில் நீலம் சேர்த்தால் கிளிப்பச்சை சுத்தமாக வரும். கோல்டன் மஞ்சளில் சிவப்புச் சாயல் இருக்கிறது. அதில் நீலம் போட்டால் மஞ்சள், நீலம், சிவப்பு மூன்றும் ஒன்று சேர்ந்து பச்சை மங்கி ஆலிவ் பக்கம் போய்விடும். ஊதாவுக்கும் இதே கதைதான். மஞ்சள் சாயல் சிவப்போடு நீலம் சேர்த்தால் அழுக்குப் பழுப்பு வரும், மெஜந்தாவோடு சேர்த்தால் ஊதா வரும். ஒரு கலரை எடுக்கும்போது அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நீலத்திலும் பச்சையிலும் கை அடக்கம் வேண்டும். கடையில் கிடைக்கும் நீலம் பெரும்பாலும் தாலோசயனின் வகை, பயங்கர வீரியம். ஒரு டப்பா மஞ்சளைப் பச்சையாக்கத் தீக்குச்சி நுனி அளவே போதும். அதனால் எப்போதும் வீரியம் குறைந்த கலரில் வீரியமானதைச் சேருங்கள். மஞ்சளில் நீலம், ஒயிட்டில் சிவப்பு. தலைகீழாகப் போனால் நீலத்தை அடக்க மஞ்சளைக் கொட்டிக்கொண்டே இருப்பீர்கள், டப்பா நிரம்பி வழியும், கலர் வந்திருக்காது.

கருப்பைக் கலரை அடர்த்தியாக்கும் மருந்தாக நினைக்காதீர்கள். மஞ்சளில் கருப்பு சேர்த்தால் பச்சை கலந்த அழுக்குதான் வரும். பளபளப்பை லேசாகக் குறைக்க வேண்டுமென்றால் எதிர்க் கலரைத் துளி சேருங்கள். ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை. ஒரு ஷேடில் மூன்று பிக்மென்டுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. நாலாவது கை வைத்தால் பெரும்பாலும் மங்கத்தான் செய்யும்.

சாம்பிள் கையில் வராமல் ஆரம்பிக்காதீர்கள்

பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு டீம் டி-ஷர்ட் கேட்டு நம் பையன்கள் வருவார்கள். "அண்ணாச்சி, போன்ல இருக்கே, இதே கலர்தான்" என்று காட்டுவார்கள். போனில் தெரிவது திரையின் வெளிச்சம். அவர் போனில் ஒன்று, உங்கள் போனில் இன்னொன்று. துணியோ, பழைய டி-ஷர்டோ, பெயின்ட் கார்டோ, கையில் தொடக்கூடிய ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி ஆர்டர் என்றால் பான்டோன் எண் தருவார்கள். கலருக்கு எண் கொடுக்கும் முறை அது, 1963இல் வந்தது, இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. எண்ணோடு பின்னால் வரும் எழுத்தையும் கேளுங்கள். 'சி' என்றால் பளபளப்பான தாளில் அடித்தது, 'யு' என்றால் பூச்சு இல்லாத தாள், 'டிசிஎக்ஸ்' (TCX) என்றால் பருத்தித் துணியில் சாயமேற்றியது. ஒரே எண்ணுக்கு 'சி'யும் 'யு'வும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு கலர் மாதிரி இருக்கும். பான்டோன் கலர் புத்தகத்தில் எண்ணுக்குக் கீழே ஒரு கலவை போட்டிருப்பார்கள், அது தாளில் அச்சடிக்கும் இங்குக்கு. அதைப் பார்த்து நம் பிக்மென்டை நிறுத்தால் வராது. புத்தகத்தின் கலரும் நாளாக ஆக வெளுக்கும், அதனால் பத்து வருஷப் பழைய புத்தகத்தை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

நிறுத்துக் கலப்பது

கரண்டிக் கணக்கு வேண்டாம். 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள், 0.01 காட்டினால் இன்னும் நல்லது. கூடவே ஒரு கெட்டி அட்டை நோட்டு.

நேவி டி-ஷர்ட்டில் பகவா, 200 பீஸ் என்று ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். முதலில் 100 கிராம் சோதனைக் கலவை:

கிளியர் பேஸ்ட் 70 கிராம்
ஒயிட் பேஸ்ட் 24 கிராம்
கோல்டன் மஞ்சள் 4.2 கிராம்
ஆரஞ்சு 1.6 கிராம்
சிவப்பு 0.2 கிராம்

இந்த எண்கள் கணக்குக் காட்டுவதற்குத்தான். உங்கள் பிக்மென்டின் வீரியத்தைப் பொறுத்து இவை மாறும். இதில் பிக்மென்ட் மொத்தம் 6 சதவீதம். ரொம்ப ஏற்றினால் பிக்மென்டைப் பிடித்து வைக்கப் பேஸ்டில் இருக்கும் பைண்டர் போதாமல், தேய்த்தால் கலர் கையில் வரும். எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று பேஸ்ட் விற்றவரிடம் கேட்டு டப்பா மூடியிலேயே எழுதி வையுங்கள்.

கடைசி வரியில் இருக்கும் 0.2 கிராமைப் பாருங்கள். 0.1 காட்டும் தராசில் அதை நம்பி நிறுக்க முடியாது, பாதி தப்பாகிவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சிவப்பு 10 கிராமோடு கிளியர் பேஸ்ட் 90 கிராம் சேர்த்து ஒரு டப்பாவில் முன்கூட்டியே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 0.2 கிராம் சிவப்பு வேண்டுமென்றால் இந்த டப்பாவிலிருந்து 2 கிராம் எடுத்தால் போதும். கூட வந்த 1.8 கிராம் கிளியரை அந்த 70இல் கழித்துவிடுங்கள். நீலம், பச்சை, கருப்பு, வயலட் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு 'பத்துக்கு ஒன்று' டப்பா வைத்திருந்தால் வெளிர் ஷேடுகளில் தலைவலி இல்லை. மஞ்சளுக்குத் தேவைப்படாது.

பேஸ்டை முதலில் நிறுத்து, அதன் மேல் பிக்மென்டை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொன்று விழுந்ததும் நோட்டில் எழுதுங்கள், அப்புறம் எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டீர்கள். டப்பாவின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். கலக்காத ஒரு கோடு அடியில் நின்றால் ஐம்பதாவது பீஸில் சிவப்புக் கீற்றாக வந்து நிற்கும். பெரிய அளவுக்குக் கலக்கும் மெஷின் இருந்தால் மெதுவாக ஓட்டுங்கள், வேகமாக ஓட்டினால் காற்றுக் குமிழி ஏறும்.

துணியில் அடித்துப் பார்ப்பது

டப்பாவில் ஈரமாகத் தெரியும் கலரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிளியர் பேஸ்டின் பால் வெள்ளை காயும்போது போய்விடுவதால், ஈரத்தில் வெளிறித் தெரிந்தது காய்ந்ததும் அடர்ந்துவிடும். ஆர்டருக்கு வரப்போகிற அதே துணியில், அதே மெஷ் ஸ்கிரீனில், அதே எண்ணிக்கை இழுப்பில் அடியுங்கள். நேவி துணி என்றால் ஒயிட் கோட்டும் போட்டுத்தான். மெஷ் என்பது ஸ்கிரீன் வலையின் நெருக்கம், சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்ற கணக்கு: 43டி (43T) மெஷ்ஷில் இங்க் தடிமனாக இறங்கும், 77டியில் மெல்லிசாக இறங்கும், ஒரே கலவை இரண்டிலும் வேறு ஷேடாகத் தெரியும். இங்கை இழுக்கும் ஸ்குவீஜி ரப்பர் மழுங்கியிருந்தாலும் இங்க் அதிகமாகப் போகும்.

அடித்ததை முழுசாகக் காய்ச்சுங்கள். தண்ணீர் பேஸ்டுக்குப் பொதுவாக 150 டிகிரி செல்சியஸில் 3 முதல் 5 நிமிஷம், ஆனால் டப்பா மேல் கம்பெனி போட்டிருப்பதே கணக்கு. ஹீட் பிரஸ்ஸில் அழுத்தினால் மேல்பரப்பு வழவழப்பாகி ஷேடு இன்னும் கொஞ்சம் அடர்ந்து தெரியும். அதனால் மொத்த ஆர்டரையும் எதில் காய்ச்சப் போகிறீர்களோ அதிலேயே சாம்பிளையும் காய்ச்சுங்கள். துணி ஆறட்டும், சூட்டோடு பார்த்தால் சில கலர் வேறாகத் தெரியும்.

இப்போது கஸ்டமர் கொடுத்த சாம்பிளையும் உங்களுடையதையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி, இடைவெளி இல்லாமல் வையுங்கள். எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். தாராவிச் சந்துகளில் பகலிலேயே வெளிச்சம் வராது. மழைக்காலத்தில் கூரை மேல் நீலத் தார்ப்பாய் வேறு கட்டிவிடுவார்கள், அதன் வழியே வரும் வெளிச்சம் நீலம், அதில் பார்த்தால் எந்தப் பகவாவும் செத்துப்போய்த் தெரியும். மாடிக்கோ 90 அடி ரோட்டுக்கோ எடுத்துப் போய், நேர் வெயில் படாத நிழலில், காலை பத்து மணி வாக்கில் பாருங்கள். பக்கத்தில் ரோஸ் கலர் சுவர் இருந்தாலும் துணியில் அதன் சாயல் ஏறும்.

அதோடு நிறுத்தாமல் டியூப் லைட்டுக்கு அடியிலும் ஒரு தடவை பாருங்கள். பகலில் அச்சு அசலாக ஒத்துப்போன இரண்டு துணி, கடை விளக்கில் தனித்தனியாகத் தெரியும். அவருடையதில் ஒரு பிக்மென்ட், உங்களுடையதில் வேறு பிக்மென்ட், அதனால் வருவது. இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பெரிய வாங்குபவர்கள் 'டி65' (D65) பகல் வெளிச்சத்திலும் 'டிஎல்84' (TL84) கடை விளக்கிலும் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். உங்களிடம் பெட்டி இல்லையென்றால் இரண்டு வெளிச்சத்திலும் ஒத்துக்கொள்ளும் வரை பிக்மென்டை மாற்றிப் பாருங்கள். முடியவில்லையா, எந்த வெளிச்சம் முக்கியம் என்று கஸ்டமரிடமே கேட்டுவிடுங்கள். தஹி ஹண்டி பெரும்பாலும் பகலில் திறந்த வெளியில் நடக்கிறது, பகல் வெளிச்சம் சரியாக இருந்தால் போதும்.

திருத்தும்போது முதலில் சாயலைப் பிடியுங்கள், மஞ்சளா சிவப்பா என்று. அடுத்து வெளிறலா அடர்த்தியா. பளபளப்பு கடைசி. ஒரே நேரத்தில் இரண்டு கலரைச் சேர்த்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது. கொஞ்சமாகச் சேர்த்து, திரும்ப அடித்து, திரும்பக் காய்ச்சிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் துணித் துண்டை வெட்டி நோட்டில் ஸ்டேப்பிள் அடித்து, பக்கத்தில் எண், தேதி, மெஷ், எத்தனை இழுப்பு என்று எழுதுங்கள். கண் களைத்துவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒரே ஆரஞ்சை அரை மணி நேரம் வெறித்துப் பார்த்தால் கண்ணுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

ஷேடு பிடிபட்டதும் கஸ்டமரிடம் காட்டி, துணியிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாதியை அவரிடம் கொடுத்துப் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வந்தால் அந்தப் பாதித் துணிதான் பேசும்.

எவ்வளவு கலக்குவது

நடுவில் தீர்ந்துபோய் இரண்டாவது பேட்ச் கலந்தால் லேசாவது மாறும், ஒரே குழுவில் நிற்பவர்களிடம் பளிச்சென்று தெரியும். அதனால் ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். கணக்கு சுலபம். டப்பாவோடு ஸ்கிரீனில் போட்ட இங்கையும் சேர்த்து நிறுத்துக்கொண்டு பத்து பீஸ் அடியுங்கள், மிச்சத்தை வழித்துத் திரும்ப நிறுங்கள். 120 கிராம் குறைந்திருந்தால் ஒரு பீஸுக்கு 12 கிராம். 200 பீஸுக்கு 2.4 கிலோ. ஸ்கிரீனில் ஒட்டுவது, வழிப்பது, ரிஜெக்ட் என்று கால் பங்கு கூட்டினால் 3 கிலோ. மேலே சொன்ன கலவையை 30ஆல் பெருக்குங்கள்: கிளியர் 2,100, ஒயிட் 720, கோல்டன் மஞ்சள் 126, ஆரஞ்சு 48, சிவப்பு 6 கிராம். கூட்டினால் சரியாக 3,000. அடிக் கோட்டுக்கான ஒயிட் இதில் சேராது, அதைத் தனியாகக் கணக்குப் போடுங்கள். அளவு பெரிதானால் சின்னச் சின்ன வித்தியாசம் வரும், முழு டப்பாவிலிருந்தும் ஒரு துண்டு அடித்துக் கையெழுத்துத் துணியோடு ஒப்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

நைலான் துணியில் வடிகட்டினால் கட்டி எல்லாம் போய்விடும். ஃபிக்ஸரை அன்றைக்குத் தேவையான இங்கில் மட்டும் சேருங்கள். சேர்த்த பிறகு சில மணி நேரத்தில் கெட்டியாகத் தொடங்கும், அதை எடுத்து வைத்து மறுநாள் ஓட்ட நினைக்காதீர்கள். ஏப்ரல், மே வெக்கையில் தண்ணீர் பேஸ்ட் ஸ்கிரீனிலேயே காய்ந்து வலைக் கண்ணை அடைக்கும். ஈரத் துணியால் ஸ்கிரீனைத் துடைத்துக்கொண்டே இருங்கள், வேலையை நிறுத்தும்போது ஸ்கிரீனை இங்கால் மூடி வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நேர் எதிர். துணியே காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்திருக்கும், காய்ச்சும் சூட்டில் பாதி அந்த ஈரத்தை விரட்டவே போய்விடும். மழைக்காலத்தில் நேரத்தைக் கூட்டி, வெள்ளைத் துணியால் உலர்வாகவும் ஈரமாகவும் தேய்த்துப் பார்த்து, அந்த வெள்ளைத் துணியில் கலர் ஏறவில்லை என்றால் மட்டும் பேக் செய்யுங்கள்.

பிளாஸ்டிசாலும் பாலியஸ்டரும்

பிளாஸ்டிசாலில் ஈரத்துக்கும் காய்ந்ததற்கும் கலர் வித்தியாசம் குறைவு, அதனால் மேட்சிங் சுலபம். ஆனால் இங்க் படலம் முழுவதும் 160 டிகிரி வாக்கில் சூடேற வேண்டும். மேலே மட்டும் வெந்து உள்ளே வேகாமல் இருந்தால் முதல் சலவையிலேயே வெடிக்கும். குழந்தை உடுப்பு, ஏற்றுமதி என்றால் தாலேட் (ஒரு வகை பிளாஸ்டிசைசர்) இல்லாத இங்க்தானா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பாலியஸ்டர் ஜெர்ஸி வேறு சங்கதி. சிவப்பு ஜெர்ஸியில் வெள்ளை அடித்தால் காய்ச்சும்போது நன்றாக இருக்கும், இரண்டு நாள் கழித்து ரோஸாக நிற்கும். துணியின் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே ஏறுவதுதான் காரணம். இதைக் கலர் கலந்து சரி செய்ய முடியாது. சாயத்தைத் தடுக்கும் அடிக் கோட்டும் குறைந்த சூட்டில் வேகும் இங்கும் வேண்டும். ஆர்டர் பிடிக்கும்போதே துணி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சமும் மறு ஆர்டரும்

மிச்ச இங்கின் மேல்பரப்பில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மூடியை இறுக்கி, கலவையையும் தேதியையும் மூடி மேலேயே எழுதுங்கள். மூடி மேல் அந்தக் கலரில் ஒரு தீற்று இழுத்து வைத்தால் தேட வேண்டாம். ஒன்றுக்கும் ஆகாத மிச்சங்களை, தண்ணீர் பேஸ்ட் மட்டும், ஒரே வாளியில் சேர்த்துக் கொஞ்சம் கருப்பு விட்டால் அடர் பழுப்போ கருப்போ கிடைக்கும். சோதனை அடிக்கவும் புதுப் பையன்கள் கை பழகவும் ஆகும். ஸ்கிரீன் கழுவுவதற்கு முன் இங்கை அட்டையால் நன்றாக வழித்து எடுத்துவிடுங்கள். நம் சாக்கடை எல்லாம் மித்தி ஆற்றில்தான் போய்ச் சேருகிறது.

அடுத்த வருஷம் அதே மண்டலம் வந்து அதே பகவா கேட்டால் நோட்டைத் திறந்து எண்களை அப்படியே நிறுத்துவிடாதீர்கள். இடையில் பிக்மென்ட் டப்பா மாறியிருக்கும், டப்பாவில் கம்பெனி போடும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் மாறியிருக்கும். 100 கிராம் மட்டும் கலந்து, துணியில் அடித்து, காய்ச்சி, நோட்டில் இருக்கும் கையெழுத்துத் துண்டோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் மூன்று கிலோ போடுங்கள். மாறியிருந்தால் புது லாட் எண்ணைப் போட்டுப் புதுப் பக்கத்தில் எழுதுங்கள், பழைய பக்கத்தை அடிக்காதீர்கள்.